கோமு வீட்டில் ஆகாத சொல்

“என் வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு ஐயோங்காத மதினி! போ, வெளிய போயி வாயக் கொப்புளிச்சிட்டு வா.”

இப்படிச் சொல்லிக்கொண்டே கோமு என் கையிலிருந்த சேலையை வெடுக்கென்று பிடுங்கினாள். அரக்கு நிறச் சுங்குடி, மஞ்சள் கரை. மடிப்புக் கலையாமல் கடைப்பையோடு இருந்தது. நான் சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ் பிடித்து அவளைப் பார்க்க வண்ணார்பேட்டைக்கு வந்திருந்தேன். தகரப் பெட்டியைத் திறந்து அதை எடுத்துக் காட்டினாள். யாருக்குட்டி என்று கேட்டேன். “எனக்குத்தான். என் கோடி” என்றாள். அதற்குத்தான் நான் ஐயோ என்றேன். வேறு என்ன சொல்வது?

எங்கள் பக்கத்தில் ஒருத்தி செத்துப்போனால் அவள்மேல் போர்த்துகிற புதுச்சேலை பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். அதுதான் கோடி. கோமு என் வீட்டுக்காரரின் தங்கை. அவர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆயிற்று. ஆக, கோமுவுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நான் ஒருத்திதான். நான் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கும்போது அவளே தனக்குக் கோடி எடுத்து வைத்துக்கொண்டால் என்னை என்னவென்று நினைத்திருக்கிறாள்?

“ஏட்டி, நான் கொண்டார மாட்டேன்னு நெனச்சியா?”

“கொண்டாருவ. யாரு இல்லைன்னா? எம் மகன் கல்யாணத்துக்கு நீ எடுத்துத் தந்த சேலையத்தான் நான் பாத்தேனே. கொசுவலை அத விடக் கெட்டியா இருக்கும். நாலு பேரு முன்னால என்னை அத வச்சு மூடுனா உள்ள இருக்கது அம்புட்டும் தெரியும்.”

“செத்த பொறவு தெரிஞ்சா ஒனக்கு என்னட்டி மூதி?”

“செத்தாலும் எனக்கு வெக்கம் உண்டும்” என்றாள்.

விலையைக் கேட்டேன். சொல்லவில்லை. “ஒனக்கு எதுக்கு? சொன்னா நீ இன்னொருக்கா அந்தச் சொல்லச் சொல்லுவ” என்று பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நான் காப்பிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்தச் சொல் அவள் வீட்டில் ஆகாது. எமனுடைய பெண்டாட்டி பேர் அது, சொன்னால் வந்து நிற்பாள் என்று எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வார்கள். அப்புறம் கல்லில் கால் இடித்தால் அவர்களே ஐயோ என்று கத்துவார்கள். கோமு அப்படி இல்லை. அவளுக்கு எமனும் கிடையாது, எமன் பெண்டாட்டியும் கிடையாது. அவள் காரணம் வேறு.

கல்லிடைக்குறிச்சியில் வாக்கப்பட்டவள் அவள். புருஷன் பூதலிங்கம் நெல் கோடவுனில் மூட்டை தூக்குகிறவர். ஒரு நாள் பகலில் இவள் வீட்டில் உட்கார்ந்து அப்பளம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி ஓடிவந்து வாசலில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு “ஐயோ கோமு, ஐயோ கோமு” என்கிறாள். என்னவென்று சொல்லவில்லை. இவள் எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். அப்போதும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். மூட்டை அடுக்கு சரிந்துவிட்டது, பூதலிங்கம் அடியில் மாட்டி உயிர் போய்விட்டது என்று கடைசியில் தெருவில் போன தபால்காரர்தான் சொன்னார். அதற்குள் கோமு பாதி செத்துவிட்டாள்.

“விசயத்த எடுத்துச் சொல்லத் துப்பு இல்லாதவதான் மதினி அந்தச் சொல்லச் சொல்லுவா” என்பாள் என்னிடம். “வலிக்கா, வலிக்குன்னு சொல்லு. தீப்பிடிச்சிட்டா, தீன்னு சொல்லு. ஐயோன்னா எவன் என்னத்தக் கண்டான்?”

அன்றிலிருந்து அவள் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. மகன் மணிராஜ் சின்னப் பிள்ளையாக விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டு வந்தாலும் “முருகா”தான். மருமகள் பிரியதர்ஷினி வந்த புதிதில் கையில் எண்ணெய் தெறித்து வாய்தவறிச் சொல்லிவிட்டாள். புண்ணுக்கு மருந்து போடுவதற்கு முன்னால் திட்டு விழுந்தது.

அப்பளம் தேய்த்தே மகனை ஆளாக்கினாள் கோமு. காலையில் கம்பெனியிலிருந்து உளுந்து மாவு உருண்டையை நிறுத்துக் கொடுப்பார்கள். ஈரத்துணியால் மூடி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கிள்ளி, நடுவும் ஓரமும் ஒரே கனமாகத் தேய்த்து, நிழலில் காயவைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வலது கையில் குழவி ஓடும். வாய் பாட்டுக்கு எவளையாவது வைதுகொண்டிருக்கும். ஊரில் அவளுக்குப் பயப்படாதவர்கள் கிடையாது. கண்டக்டர், ரேஷன் கடைக்காரர், கம்பெனி அண்ணாச்சி, எல்லாரும் அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான்.

வெட்கமும் அப்படித்தான், அளவுக்கு மிஞ்சி. தினமும் ஆற்றில்தான் குளிப்பாள். நான் அங்கே போனால் படித்துறையில் அத்தனை பெண்டுகள் இருப்போம். அவள் எப்போது ஈரத்தை அவிழ்த்தாள், எப்போது காய்ந்ததைக் கட்டினாள் என்று ஒருத்தியும் கண்டதில்லை. மணிராஜுக்கு மீசை அரும்புவதற்கு முன்பிருந்தே, சேலை மாற்ற வேண்டுமென்றால் அவனை வெளியே அனுப்பிக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுவாள். ஒரு தடவை நெஞ்சுச் சளிக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். “துணிக்கு மேல வச்சா ஒமக்குக் கேக்காதோ?” என்றாள். அந்த மனுஷன் துணிக்கு மேலேதான் வைத்துப் பார்த்தார்.

மணிராஜ் ஆட்டோ வாங்கிய பிறகு எல்லாரும் வண்ணார்பேட்டைக்கு வந்தார்கள். பஸ் சத்தம் ஓயாத ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் வரிசையாக வீடுகள், வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. பிரியதர்ஷினி ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் போனால் கடை அடைத்துத்தான் வருவாள்.

கோடி எடுத்ததற்கு நாங்கள் சண்டை போட்ட வருஷம், கார்த்திகையில், கோமு குழாயடியில் குடத்தோடு விழுந்தாள். வலது கை, வலது கால் போய்விட்டது. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கோபத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் உதடு கோணிக்கொண்டு அசைந்தது.

“ஐயோ” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. இரண்டையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி கோமு, தண்ணி வேணுமா?”

“ஐயோ.”

“மணியக் கூப்பிடணுமா?”

“ஐயோ. ஐயோ.”

மண்டையில் பேச்சு இருக்கிற இடம் கெட்டுப்போனது என்றார் டாக்டர். சிலருக்கு எல்லாப் பேச்சும் போய் ஒரே ஒரு சொல் மட்டும் நின்றுவிடுமாம். எந்தச் சொல் நிற்கும் என்பது யார் கையிலும் இல்லையாம். எனக்கு அவரைத் திட்டவேண்டும் போல இருந்தது. இத்தனை வசவு வைத்திருந்தாளே, அதில் ஒன்று நின்றிருக்கக்கூடாதா?

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நானும் பையைத் தூக்கிக்கொண்டு வந்து அவளோடு தங்கிவிட்டேன். காப்பி வேண்டும் என்றாலும் ஐயோ, வேண்டாம் என்றாலும் ஐயோ. தலையாட்டிக் காட்டுட்டி என்றால், ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரி ஆட்டினாள். அவளுக்கே தெரிந்தது அது தப்பாக வருகிறது என்று. கண்ணில் கோபம் வரும். கண்ணில் பழைய கோமு அப்படியே இருந்தாள். வாயில்தான் இல்லை.

சந்தில் இருந்தவர்களுக்கு வேறு மாதிரிக் கேட்டது. எந்த நேரமும் ஒரு வீட்டுக்குள்ளிருந்து பொம்பளை ஐயோ ஐயோ என்று கத்தினால் என்ன நினைப்பார்கள்? முதல் வாரத்தில் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் வராமலே பேசினார்கள். வீட்டை எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா ஒரு நாள் வாசலில் நின்று, “எப்பா மணி, அடிகிடி ஒண்ணும் இல்லல்லா?” என்று கேட்டுவிட்டாள்.

மணிராஜ் முகம் செத்துப்போயிற்று. அன்றிலிருந்து பகலில் அம்மைக்கு எல்லாம் அவனே செய்தான். காலையிலும் இரவிலும் பிரியதர்ஷினி துடைத்துவிடுவாள். மத்தியானம் சவாரியை விட்டுவிட்டு இவன் வருவான். பீத்துணியை மாற்றுவான், வெந்நீரில் துடைப்பான், பவுடர் போடுவான், உடம்பு புண்ணாகாமல் புரட்டிப் படுக்க வைப்பான். நான் முடிந்ததைச் செய்வேன், ஊட்டுவேன், வாயைத் துடைப்பேன். ஆனால் என் இடுப்பில் கம்பி வைத்திருக்கிறது. கோமு கனத்த உடம்பு. அவளைப் புரட்டப் போனால் நான்தான் விழுவேன்.

இதைக் கண்ட பிறகு சந்தில் பேச்சு மாறியது. “மகன்னா இப்படில்லா இருக்கணும்” என்றார்கள். “கொடுத்து வச்ச மகராசி” என்றார்கள். வீட்டுக்காரம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டுப் போனாள், பொருட்காட்சி மாதிரி.

ஆனால் மத்தியானத்தில்தான் கோமு ரொம்பக் கத்தினாள். மற்ற நேரத்தில் சொல்வது ஒரு மாதிரி. மத்தியானத்தில் தொண்டை கிழியும். மணிராஜ் வலிக்கிறது என்று நினைத்தான். இன்னும் மெதுவாகத் துடைத்தான், இன்னும் நேரம் எடுத்துத் துடைத்தான். அவள் இன்னும் கத்தினாள்.

அவள் எதையோ கேட்கிறாள். அது மட்டும் எனக்குப் புரிந்தது. எதை என்பதுதான் தெரியவில்லை. டாக்டர் சொன்ன மாத்திரை கொடுத்தோம். விபூதி போட்டோம். வெற்றிலை கேட்கிறாளோ என்று இடித்து வாயில் வைத்தேன், துப்பிவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்கு ஒரு வடக்கத்திப் புருஷன் பெண்டாட்டி குடிவந்தார்கள். அவன் பேர் மங்கல், அரிசி ஆலையில் வேலை. அவள் பேர் சம்பா. அரிசி ஆலைக்காரனுக்கு அரிசிப் பேரில் பெண்டாட்டி என்று நான் சொன்னதற்கு, அவர்கள் ஊரில் அது பூவின் பேராம். வந்த மறுநாளே, கோமு கத்தின கத்தில் அந்தப் பெண் ஈரக்கையோடு ஓடிவந்தாள். மற்றவர்களைப் போல வாசலில் நிற்கவில்லை. நேரே உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, கோமுவின் கோணின வாயைத் தன் முந்தானையால் துடைத்து, அவள் பாஷையில் என்னவோ பதில் சொன்னாள். கூப்பிட்டதற்கு வந்தவள் மாதிரி இருந்தது.

“ஏட்டி, நீ யாரு? ஒன்னை யாரு கூப்பிட்டா?” என்றேன். சிரித்தாள். என் பேச்சு அவளுக்குத் தெரியாது. அவள் பேச்சு எனக்குத் தெரியாது.

தினமும் வர ஆரம்பித்தாள். ஒரு நாள் அவள் போன் அடித்தது. படத்தில் ஒரு சின்னப் பிள்ளை. மூக்கு ஒழுகுகிறது. போனைப் பார்த்து, “அயோ, அயோ” என்கிறது. நான் பதறிப்போனேன்.

“ஏலே மங்கலு, புள்ள எங்கனயோ விழுந்துட்டுடா, பாரு!”

மங்கல் நாலு வருஷம் இந்தப் பக்கம் இருந்ததால் கொஞ்சம் தமிழ் பேசுவான். “விழல பாட்டி. அம்மாவைக் கூப்பிடுது. எங்க பாஷைல அம்மான்னா அயோ.”

“இந்தில அம்மாவா?”

“இந்தி இல்ல. இந்தில மா. இது சந்தாலி, எங்க வீட்டுப் பாஷை.”

“அப்ப வலிச்சா என்னத்தச் சொல்லிக் கத்துவிய?”

அவன் யோசித்தான். “அதும் அயோதான். அம்மாதான.”

பிள்ளையை ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள் அந்தப் பெண். சுவருக்கு அந்தப் பக்கம் எந்த நேரமும் யாரோ அம்மா அம்மா என்று கூப்பிடுவது அவளுக்குக் கேட்டிருக்கிறது. இருக்க முடியாமல் ஓடிவந்திருக்கிறாள். கோமு சொல்வது கொஞ்சம் நீளம், சம்பாவின் பிள்ளை சொல்வது கொஞ்சம் குட்டை. கோணின வாயில் நீளம் ஏது, குட்டை ஏது?

எதிர்வீட்டு சாலோமி டீச்சர், ரிட்டையர் ஆனவர், வாரம் ஒரு தடவை வந்து கோமு தலையில் கைவைத்து ஜெபம் பண்ணிவிட்டுப் போவார். இந்தக் கதையைச் சொன்னேன். அவர் வேறொன்று சொன்னார்.

“எங்க மகன் ஜெனோ நைஜீரியாவில வேலை பாக்கான்லா வடிவம்மா, அங்க அவன் மேனேஜர் பேரே அயோதானாம். அவுங்க பாஷையில சந்தோஷம்னு அர்த்தமாம்.”

“அந்தச் சந்தோஷத்த ஒரு மத்தியானம் இங்கன வந்து இருந்து பாக்கச் சொல்லுங்க டீச்சர்” என்றேன். டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மணிராஜ் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “எம்மா, சந்தோசமா இருக்கியா?” என்றான். கோமு அந்தச் சொல்லைச் சொன்னாள். “பாத்தியா அத்தை, சந்தோசம்ங்கா” என்று சிரித்தான். சிரித்த வேகத்தில் எழுந்து வெளியே போய்விட்டான்.

அந்தச் சொல் எந்த ஊரில் என்னவாக இருந்தால் எனக்கு என்ன? அம்மாவாகட்டும், சந்தோஷமாகட்டும். கோமு வாயில் அது என்ன என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஒரு மத்தியானம் ரோட்டில் மறியல், மணிராஜ் வர நேரமாகிவிட்டது. கோமு நனைந்து கிடந்தாள். சம்பா வந்தவள் மூக்கைச் சுளிக்கவில்லை, வெந்நீரை எடுத்தாள், என்னைக் கதவைச் சாத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். துடைத்து, மாற்றி, புரட்டி எல்லாம் செய்தாள். கோமு ஒரே ஒரு தடவை சொன்னாள், அதுவும் முனகல் மாதிரி. சம்பா பதில் சொன்னாள். முடிந்தது.

மறுநாள் மணிராஜ் வந்தான். நான் கத்தலைக் கேட்பதை விட்டுவிட்டு அவள் கையைப் பார்த்தேன். நல்ல கை இடது கை. அது நைட்டியின் ஓரத்தைக் கீழே இழுத்துப் பிடித்திருந்தது. விரல் வெளுத்துப்போகிற அளவுக்குப் பிடி. அசைகிற இடது காலைத் தூக்கி அசையாத காலின்மேல் போட்டு இறுக்கிக்கொண்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மணிராஜ் பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி, “ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, இந்தா முடிஞ்சிரும்” என்று சொல்லி, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நைட்டியை மேலே தூக்கினான்.

அவள் கத்தினாள். எனக்கு அப்போது எல்லாம் விளங்கிப்போயிற்று.

ஆட்டோ பக்கத்தில் நிறுத்தி அவனிடம் சொன்னேன்.

“ஏலே மணி, இனிமே நீ அவளத் தொடச்சு விடாத.”

“ஏன் அத்தை? நான் ஒழுங்காத்தான செய்யுதேன்?”

“ஒழுங்காத்தாம்ல செய்யுத. ஒன்னை யாரு கொறை சொன்னா? ஒங்க ஆச்சி செத்தப்போ நீ நீர்மாலைக்குப் போனல்லா? கொடத்துல தண்ணி கொண்டாந்து யாருகிட்டல குடுத்த?”

“பொம்பளயாள்ககிட்ட.”

“நீங்க ஆம்பளைய எல்லாம் எங்கல நின்னிய?”

“வெளியதான்.”

“நாலு பக்கமும் சேலையப் பிடிச்சு மறைச்சு நாங்க குளிப்பாட்டுனோம். பெத்த மகன், ஒங்க மாமா, அவரே உள்ள வரல. செத்தவளுக்கே அந்த மறைப்பு இருக்குல. ஒங்கம்மை உசுரோட கெடக்கா.”

அவன் ஆட்டோவின் பின்சீட்டில் போய் சவாரிக்காரன் மாதிரி உட்கார்ந்துகொண்டான்.

“அவ என்னைக் கழுவி விடலியா அத்தை?”

“அவ கழுவுனப்போ நீ புள்ளல. நீ கழுவுனா அவ புள்ளயாயிருவாளா?”

“எல்லாரும் நல்ல மகன்னு சொன்னாவளே.”

“எல்லாரும் வெளிய நின்னு சொன்னாவ. அவ உள்ள கெடந்து சொன்னா.”

அதைச் சொல்லியிருக்கவேண்டாமோ என்னவோ. அவன் துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு அழுதான். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. பக்கத்தில் நின்றேன்.

மங்கலிடம் கேட்டோம், சம்பாவிடம் கேட்டோம். மத்தியானம் மத்தியானம் அவள் வந்து செய்தாள். ஒரே அறை. கதவைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் சந்து முழுக்கத் தெரியும். குறுக்கே கயிறு கட்டி மறைப்புப் போடலாம் என்று கோமுவின் சேலைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் நைந்து, பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. தலையணைக்கு அடியில் கைவிட்டுச் சாவியை எடுத்தேன். கோமு என்னையே பார்த்தாள். பெட்டியைத் திறந்து அரக்குச் சுங்குடியை எடுத்து மடிப்பை உதறினேன்.

மடிப்புக் கலைந்த சேலை கோடி ஆகாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கயிற்றில் போட்டேன். கட்டிலின் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை மறைத்தது. கெட்டிச் சேலைதான், பொய் சொல்லவில்லை. கோமு அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அப்புறம் நீளமாக, இழுத்து, அந்தச் சொல்லைச் சொன்னாள். என் கோடியைக் கெடுத்துட்டியே பாவி என்றாளோ, இப்பவாவது தோணிச்சே என்றாளோ, எனக்குத் தெரியாது. அவள் காது கேட்க, “ஒனக்குக் கோடி நான்தாம்ட்டி கொண்டாரணும், பேசாம கெட” என்றேன்.

மாசியும் பங்குனியும் நன்றாகப் போயிற்று. கத்தல் அடங்கியது. சம்பா துடைப்பாள், சேலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பருப்பில் கல் பொறுக்குவேன். மணிராஜ் மத்தியானம் வந்தால் அம்மையை நிமிர்த்தி உட்காரவைத்துச் சோறு ஊட்டுவான். அவன் கையால் வாங்கித் தின்றாள். ஒரு நாள் இடது கையால் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடப் பார்த்தாள். முடியவில்லை. ஆனால் பார்த்தாள்.

சித்திரை பிறந்ததும் கான்ட்ராக்டர் ஆட்களைக் காங்கேயம் பக்கத்து ஆலைக்கு மாற்றிவிட்டார். மங்கல் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவனை நான் என்ன சொல்ல? போகச் சொன்ன இடத்துக்குப் போகிறவன். புறப்படுகிற அன்று சம்பா மறைப்புக்குள் போய்க் கோமுவைத் துடைத்து, தலைவாரி, பொட்டு வைக்கப் போய் நெற்றியைப் பார்த்துவிட்டு விபூதி வைத்தாள். காலைத் தொட்டு, “அயோ” என்றாள். கோமுவும் அதையே சொன்னாள். யார் எந்தப் பாஷையில் சொன்னது என்று நான் கேட்கப் போகவில்லை.

அப்புறம் அலையாத இடம் இல்லை. பிரியதர்ஷினி கடையில் மத்தியானம் ஒரு மணி நேரம் கேட்டாள். “அப்படின்னா நீ வீட்டிலயே இருந்துக்கோம்மா” என்றார்களாம். அவள் சம்பளத்தில்தான் மாத்திரை வாங்குகிறோம். ஆள் அனுப்புகிற ஆபீசுக்கு மணிராஜ் போன் போட்டான். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு, சரிங்க என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டான். சந்தில் கேட்டேன். கொடுத்து வைத்த மகராசி என்ற வாய் ஒன்றும் திறக்கவில்லை. வீட்டுக்காரம்மா, “எனக்குக் கொமட்டும் வடிவு” என்றாள். உண்மையைச் சொன்னாள், அதற்காக அவளைக் குறை சொல்லமாட்டேன். நான் ஒரு நாள் துணிந்து கோமுவைப் புரட்டப் போனேன். இரண்டு பேரும் கட்டிலிலிருந்து சரிந்தோம். மணிராஜ் வரும்வரை தரையில் கிடந்தோம், அவள் தலை என் மடியில். அவள் என்னை வையவில்லை. வையவும் முடியாது.

பகல் முழுக்க நனைந்தபடி விட்டால் புண் வைத்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடுப்புக்குக் கீழே சிவந்துவிட்டது.

போன திங்கட்கிழமை மத்தியானம் மணிராஜ் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தான். வெந்நீர்ச் சட்டியைக் கட்டிலடியில் வைத்தான், துணி எங்கே, பவுடர் எங்கே என்று கையால் தடவிப் பார்த்து வைத்துக்கொண்டான். அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் கண்ணைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

“அத்தை, எங்கனன்னு சொல்லிக்கிட்டே வா. நான் பைய செய்யுதேன்.”

“ஏலே...”

“வேற என்னத்த அத்தை செய்ய? நீயே சொல்லு.”

எழுந்து கட்டில் பக்கம் போனேன்.

கயிறு ஒரு பக்கம் தளர்ந்து மறைப்பு தொங்கியது. நான் சேலையின் முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நின்றேன். “வலது பக்கம்ல, இன்னும் கீழ, ஆங், அங்கனதான்” என்று சொன்னேன். கண்ணைக் கட்டிக்கொண்டு அவன் கட்டில் விளிம்பைத் தடவினான். கோமு மகன் முகத்தையும், அதில் கட்டியிருந்த துண்டையும் பார்த்தாள். நைட்டியைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். அந்தக் கை போய் அவன் கண்ணில் கட்டியிருந்த துண்டின்மேல் இருந்தது. அவிழ்க்கப் பார்க்கிறாளா, இன்னும் இறுக்கப் பார்க்கிறாளா?

“ஐயோ” என்றாள். கத்தவில்லை.

“இந்தா முடிஞ்சிரும்மா” என்றான் அவன்.

எனக்கு அங்கே பார்க்க முடியவில்லை. கையில் பிடித்திருந்த சேலை முனையைப் பார்த்தேன். அதன் உள்பக்கத்தில் கடைக்காரன் ஒட்டின விலைச்சீட்டு அப்படியே இருந்தது. சொன்னால் நான் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவேன் என்று அவள் சொல்லாமல் பூட்டி வைத்த விலை. ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய்.